மூடிக்குள் வைத்த பொட்டு

ஏழுமலை, இதை நீ பிரிக்கும்போது உன் ரயில் குண்டக்கல்லைத் தாண்டியிருக்கும். டிரங்குப் பெட்டியில் போர்வைக்கு அடியில், பழைய துணியில் சுற்றிய ஒரு சாமானோடு சேர்த்து இதை வைக்கிறேன். சாமானை இப்போதே அவிழ்க்காதே, முதலில் கடிதத்தைப் படி. இதையே இன்னொரு தடவை எழுதி நம் தெருமுனைப் படிப்பகத்துப் பலகையில் ஒட்டப் போகிறேன். நீ ரயிலில் உட்கார்ந்து படிக்கிற நேரத்தில் நம் தெருவும் நின்று படித்துக்கொண்டிருக்கும். உன் அப்பாவும்தான். நினைத்தால் பயமாக இருக்கிறது, கூடவே சிரிப்பும் வருகிறது. ஆனாலும் ஒட்டத்தான் போகிறேன்.

நேற்று மத்தியானம் நீ அந்த வேலைத் தாளை நிரப்பினாய். நீ வேலைக்குப் போகிற அணைக்கட்டுப் பட்டறையில் எந்தப் பிரிவில் சேர விருப்பம் என்று ஒரு கேள்வி இருந்தது. மேக்னெட்டோவும் டைனமோவும் பழுது பார்க்கிற மின் பிரிவு ஒன்று, டயரும் கிரீஸும் போடுகிற பிரிவு ஒன்று. நீ யோசிக்கவே இல்லை, டயர் என்று எழுதிவிட்டாய். ஏன்டா என்று கேட்டேன். "கரண்டு வேலை நமக்கு ஒத்துவராதும்மா. என் கை சரியில்லன்னு நீயே சொல்லிக்கீற இல்ல" என்று சிரித்தாய். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். நீ சிரித்ததால், உலையில் அரிசி போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். அந்தத் தாளை நீ திங்கட்கிழமை காலையில்தான் கொடுக்க வேண்டும். அதற்குள் உனக்கு ஒரு உண்மை தெரிந்தாக வேண்டும். ஒரு வருஷமாக நான் விழுங்கி வைத்திருக்கிற உண்மை.

எனக்கு முப்பத்தேழு வயசு. உனக்கும் எனக்கும் பதினாறு வருஷம்தான் வித்தியாசம். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் பல்லாங்குழி ஆடியிருக்கிறேன். அதனால் பழுத்த கிழவி புத்தி சொல்கிறாள் என்று நினைக்காதே. எனக்கு இன்னும் கோபமும் அவசரமும் அடங்கவில்லை. பதினொரு வருஷமாக ஃபேக்டரியில் மோட்டார் காயில் சுற்றுகிறேன். தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி, ஒரு காயிலுக்கு ஆயிரக்கணக்கில் சுற்று. ஒரு சுற்று பிசகினால் மொத்தமும் கழிவுக் கூடைக்குப் போகும். இந்த ஊரில் ஓடுகிற எத்தனையோ மோட்டாரில் எங்கள் பெண்களின் விரல் ரேகை இருக்கிறது, பேர்த்தகட்டில் மட்டும் கம்பெனி முதலாளியின் பேர். காலையில் உள்ளே நுழைந்ததும் சோப்புப் போட்டுக் கழுவிய கையை மேஸ்திரியிடம் நீட்டிக் காட்ட வேண்டும், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் நகம் காட்டுவதுபோல. மஞ்சள், எண்ணெய், ஈரம் எதுவும் கூடாது. மின்சாரத்துக்கு ஈரம் கிடைத்தால் போதும், அது போகவேண்டிய வழியை விட்டுவிட்டுப் போகும். இது எனக்குப் பதினொரு வருஷமாகத் தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள், பின்னால் வேண்டியிருக்கும்.

உன் வேலு மாமாவுக்குப் பொம்மசந்திராவில் சர்க்கார் கொடுத்த நிலம் நாலு ஏக்கர். மூன்று தலைமுறையாக அடுத்தவன் நிலத்தில் குனிந்தவர்களுக்குக் கிடைத்த முதல் மண். அதைக் கொடுக்கும்போதே ஒரு நிபந்தனையும் வைத்தார்கள். அந்தப் பருவத்துக்குள் உழுது விதைக்காவிட்டால் நிலம் திரும்பப் போய்விடும். வருவாய் அதிகாரி ஷேக்தார் தீபாவளிக்கு மறுநாள் வந்து பார்த்து எழுதுவார். நிலம் இருந்தது, கொள்ளு விதை இருந்தது, உழ மாடில்லை. ஊரில் மாடு வைத்திருந்த பெரிய வீட்டுக்காரர்கள் எல்லோரும் பேசி வைத்ததுபோல ஒரே பதிலைச் சொன்னார்கள். வாடகை தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்றார்கள். "நம்ம எத்து நிம்ம ஹொலக்கெ பரல்ல" என்றானாம் ஒருவன். எங்கள் மாடு உங்கள் நிலத்துக்கு வராது. மாட்டுக்கும் சாதி இருக்கிறது பார். நாம் உழாமல் விட்டால் நிலம் பறிபோகும், பறிபோனால் அவர்களே ஏலத்தில் எடுப்பார்கள். திட்டம் அவ்வளவுதான். எவனும் கத்தியைத் தூக்கவில்லை, மாட்டை அவிழ்க்கவில்லை, அவ்வளவே.

அப்போதுதான் உனக்கு வைட்ஃபீல்ட் டிராக்டர் ஞாபகம் வந்தது. மாமா ஒன்பது வருஷம் வேலை செய்த வைட்ஃபீல்ட் தோட்டத்துத் துரை சீமைக்குக் கிளம்பும்போது, கொய்யா மரத்தடியில் துருப்பிடித்துக் கிடந்த அந்த வண்டியை, வேண்டுமானால் எடுத்துக்கொள் என்று சொல்லியிருந்தார். பழைய இரும்புக்காரனே தூக்க முடியாதென்று விட்டுவிட்டுப் போன வண்டி. பற்கள் வைத்த இரும்புச் சக்கரம், பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுகிற இன்ஜின். பேட்டரி கிடையாது, ஹேண்டிலைக் கையால் சுழற்றும்போது மேக்னெட்டோதான் பொறி கொடுக்க வேண்டும். கிராமத்தில் வைத்துப் பழுது பார்த்தால் ராத்திரியோடு ராத்திரியாகப் பாதி காணாமல் போகும் என்று, லாரிக்காரச் சிநேகிதன் ஒருவனைப் பிடித்து நம் வீட்டுப் பக்கத்து ரயில்வே மேட்டில் இறக்கினாய். உன் அப்பா மில்லில் இரவு ஷிப்ட் முடித்து வந்து அதைப் பார்த்துவிட்டு, "இதுக்குச் சோறு நீ போடுறியா, நான் போடணுமா?" என்று கேட்டார்.

அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு பரபரக்கிறது. நீ பகலில் ஷெட்டில் லாரிக்கு கிரீஸ் அடித்துவிட்டு வருவாய், நான் மூன்று மணி ஷிப்ட் விட்டு வருவேன், வெளிச்சம் போகிற வரைக்கும் அந்த இரும்போடுதான் கிடந்தோம். பிஸ்டன் இறுகிப் போயிருந்தது, எட்டு நாள் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தாய். மேக்னெட்டோவின் உள்காயில் செத்துக் கிடந்தது. அதை நான் சுற்றினேன். எந்த முதலாளிக்கும் இல்லாமல், யாரும் கையை நீட்டச் சொல்லிப் பார்க்காமல், என் வீட்டுக்காக நான் சுற்றிய முதல் காயில் அது. மேக்னெட்டோவின் மூடி, நாலு ப்ளக்குக்கும் பொறியைப் பிரித்துக் கொடுக்கிற அந்தப் பழுப்பு பேக்கலைட் மூடி, அதை நீ பெட்ரோலில் நனைத்த துணியால் உள்ளும் புறமும் துடைத்து, இரண்டு கிளிப்பையும் மாட்டினாய். ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் சாயங்காலம் சுழற்றினாய். மூன்றாவது சுற்றில் இருமியது. ஐந்தாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. கரும்புகை எழும்பி எதிர்வீட்டுப் பட்டம்மா காயப்போட்டிருந்த வெள்ளைச் சேலை மேலே இறங்க, அவள் நம் ஏழு தலைமுறையையும் வைதாள். அவள் வைவது எனக்குக் கேட்கவில்லை, வாய் அசைவதுதான் தெரிந்தது, அவ்வளவு சத்தம். நான் சுற்றிய காயில், நீ பூட்டிய இன்ஜின். நான் உன் முதுகில் குத்தினேன், ஞாபகம் இருக்கிறதா? சந்தோஷத்தில் எனக்கு அடிக்கத்தான் தெரியும்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. நம் தெருவில் அன்றைக்குப் பொட்டு வாங்காத சாமான் எதுவும் இல்லை. சைக்கிள், தள்ளுவண்டி, தையல் மெஷின், பட்டம்மாவின் இட்லிப் பானை. முனிசிபாலிட்டிக்காரர்கள் துடைப்பத்தையும் மண்வெட்டியையும் கழுவி வரிசையாகச் சாத்திச் சந்தனம் வைத்திருந்தார்கள். கைக்கு ஒரு உறை கொடுக்காத முனிசிபாலிட்டியின் துடைப்பத்துக்கு இவர்கள் பூ வைக்கிறார்களே என்று எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பார்க்க அழகாகவும் இருந்தது. உன் அப்பாதான் நம் வண்டிக்கு எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டாரே. உனக்கு ஏழுமலை என்று பேர் வைத்த பிறகுதான் அந்த மனுஷன் சாமியை விட்டார், ஆனால் விட்டதை ஒரேயடியாக விட்டார். "பொட்டு வெச்சா பெட்ரோல் மிச்சமாவுமா?" என்று கேட்டார். நீயும் அவரோடு சேர்ந்து சிரித்தாய். நானும் சிரித்தேன். ஆனால் தெருவில் வந்தவள் போனவள் எல்லாம், எல்லாத்துக்கும் பொட்டு இருக்கு, உங்க வண்டி மட்டும் மூளியா நிக்குதே என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மாமாவின் நாலு ஏக்கர் அந்த வண்டி மேலே நிற்கிறது. நான் கோயில் கோயிலாகப் போகிறவள் இல்லை, ஆனால் அன்றைக்கு என் மனசு கேட்கவில்லை. அப்பா ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தார். நீ பெட்ரோல் வாங்கப் போயிருந்தாய். சந்தனத்தைக் கரைத்து, குங்குமத்தை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனேன்.

வெளியே வைத்தால் உன் அப்பா பார்த்துவிடுவார். ஒரு வருஷம் அதைச் சொல்லியே கேலி செய்வார். யார் கண்ணிலும் படாத இடமாக வேண்டும். நீ மூடியைக் கழற்றி மாட்டியதை நான் பார்த்திருக்கிறேன், இரண்டு கிளிப், தட்டினால் திறக்கும். திறந்தேன். உள்ளே நாலு பித்தளைப் புள்ளி பளபளவென்று இருந்தன. அவற்றுக்கு நடுவில் ஈரச் சந்தனத்தை விரலால் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, கிளிப்பை மாட்டிவிட்டு வந்துவிட்டேன். மொத்தம் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. காலையில் மேஸ்திரியிடம் கையை நீட்டுகிறவள், விரலில் ஈரம் இருந்தால் அடுத்தவளைத் திட்டுகிறவள், அதே விரலால் செய்தேன். அந்த நேரத்தில் அது எனக்குச் சாமி காரியம், மின்சாரக் காரியமாகத் தோன்றவே இல்லை. இரண்டும் ஒரே மூடிக்குள் இருந்தது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலையில் வண்டி கிளம்பவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நீ எவ்வளவு சரியாக வேலை செய்தாய் என்பதை நீயே மறந்துவிட்டாய். முதலில் பெட்ரோலைத் துணியில் வடிகட்டினாய். ப்ளக்குகளைக் கழற்றிக் கரியைச் சுரண்டினாய், தோசைக்கல்லில் போட்டு வறுத்தாய். இரண்டு நாளைக்குத் தோசை பெட்ரோல் வாசனை அடித்தது, உன் அப்பா அதையும் தின்றார். மேக்னெட்டோவின் பின்பக்கக் கான்டாக்ட் முனைகளுக்கு நடுவே போஸ்ட்கார்டைச் செருகி இடைவெளி பார்த்தாய். காந்தம் ஆணியைப் பிடிக்கிறதா என்று பார்த்தாய். ப்ளக் ஓட்டையில் கட்டைவிரலை வைத்து, காற்று எப்போது தள்ளுகிறது என்று பார்த்து, பொறி விழுகிற டைமிங்கைச் சரிபார்த்தாய். நாலு ஒயரையும் மாற்றினாய். ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு, ஒவ்வொன்றாக விடுதலை கொடுத்தாய். லாரி ஷெட்டிலிருந்து ரஹ்மத் பாயைக் கூட்டி வந்தாய். அவர், ஒயரை நீ பிடி என்று சொல்லிவிட்டு ஹேண்டிலைச் சுழற்ற, நீ துள்ளி விழுந்தாய். "ஷாக் வந்துச்சா பேட்டா? அச்சா, மேக்னெட்டோ உயிரோடதான் கீது. இன்ஜினுக்குத்தான் சேதி போவல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் விளையாட்டாகச் சொன்னது அட்சர சுத்தமான உண்மை. சேதி நடுவழியில் வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது.

ஒரு குறிப்பு மட்டும் எல்லோர் கண்ணிலும் பட்டது. காலைப் பனியில் சுழற்றினால் வண்டி செத்த பிணம். மத்தியான வெயிலில் சுழற்றினால் ஒரு தடவை இருமும், பெட்ரோல் வாசனை விடும், அடங்கிவிடும். நீ அதைச் சொன்னாய். "வெயில்ல மட்டும் இருமுதும்மா, எங்கியோ ஈரம் கீது" என்றாய். இவ்வளவு கிட்டே வந்துவிட்டாய் நீ. ரஹ்மத் பாயும் மூடி துடைத்ததா என்று கேட்டார். நானே துடைத்தேன் பாய், உள்ளும் வெளியும் துடைத்தேன் என்றாய். அவர் உன்னை நம்பினார், நீ உன் கையை நம்பினாய், அதனால் அந்த மூடியை மட்டும் ஒருவரும் திறக்கவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். சத்தியமாக எனக்குப் பொறி தட்டவில்லை. பொட்டு வைத்தும் கிளம்பவில்லையே, சாமியும் பெரிய வீட்டுப் பக்கம்தான் போல என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

தீபாவளிக்கு ஏழு நாள் இருக்கும்போது மாமா வந்தார். முதல் நாள் நல்ல மழை. நம் ஸ்ரீராம்புரம் சந்தெல்லாம் சேறு. மாமா இரும்புச் சக்கரத்தில் உட்கார்ந்து, காலில் ஒட்டியிருந்த பொம்மசந்திரா மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டே, "மண்ணு பதமா கீதுக்கா. நாலு நாள்ல காஞ்சிடும்" என்றார். அழுகிற ஆளும் இல்லை, சண்டை போடுகிற ஆளும் இல்லை அவர். நீ மறுபடியும் மேக்னெட்டோவைக் கழற்றப் போனாய். சுற்றி இருபது பேர் நின்றார்கள், பட்டம்மா, அவள் புருஷன், முனிசிபாலிட்டிக்காரர்கள், எல்லோரும். அப்போதுதான் நான் சொன்னேன். ஓடின வண்டியைப் பிரிச்சிப் பிரிச்சியே கெடுத்துட்ட, உன் கையே சரியில்லடா என்று சொன்னேன். தெருவே கேட்கும்படி சொன்னேன்.

மெக்கானிக்கைப் பார்த்துச் சொல்லக்கூடாத ஒரே வார்த்தை அது. உன்னைப் பொறுக்கி என்றிருந்தால்கூட நீ மறந்திருப்பாய். பெரிய வீட்டுக்காரனைத் திட்ட வேண்டிய வாயால், ஷேக்தாரைத் திட்ட வேண்டிய வாயால், கைக்கு எட்டிய உன்னைத் திட்டினேன். நம் ஜனங்கள் எப்போதும் செய்கிற காரியம் இது. மேலே இருக்கிறவனிடம் வாங்கியதைக் கீழே இருக்கிறவனுக்குக் கொடுப்பது. மில்லில் மேனேஜர் திட்டினால் உன் அப்பா வீட்டில் சோற்றைத் தள்ளுவார். அதற்கு நான் எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறேன். அன்றைக்கு அதையே நானும் செய்தேன். நீ பழந்துணியில் கையைத் துடைத்தாய், ஸ்பேனர்களை அளவு வரிசைப்படி பெட்டியில் வைத்தாய், சட்டையை மாட்டிக்கொண்டு யஷ்வந்தபுரம் மண்டிக்கு மூட்டை இறக்கப் போய்விட்டாய்.

இரண்டு நாள் கழித்து ஃபேக்டரியில் விமலா என்று புதுசாகச் சேர்ந்த பெண்ணின் காயில்கள் சோதனையில் வரிசையாக விழுந்தன. ஐந்தில் நாலு கழிவு. மேஸ்திரிக்குக் கன்னடம்தான் வரும், அவளுக்குத் தமிழ்தான் வரும். நீங்களே நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று என்னைத் தள்ளிவிட்டார். வேலையில் மூத்தவள் என்கிற மிதப்போடு போனேன். உன் கையே சரியில்ல என்றுதான் ஆரம்பித்தேன், அதே வார்த்தை. அந்தப் பெண் அழுதுகொண்டே இரண்டு கையையும் நீட்டினாள். "கழுவிட்டுத்தான் வந்தேங்க்கா. வூட்ல பூஜைன்னு சந்தனம் அரைச்சேன். நகத்துக்குள்ள இருந்துச்சு போல, தெரில" என்றாள்.

சந்தனம் என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் நகத்தைப் பார்த்தேன், மஞ்சளாக ஒரு கோடு. என் விரலைப் பார்த்தேன். நாலு பித்தளைப் புள்ளி கண்முன் வந்தது. அந்தப் பெண்ணிடம் பாதியில் நிறுத்திவிட்டு, கை நல்லாத்தான் இருக்கு, நகத்தை மட்டும் சுத்தம் பண்ணு என்று சொல்லிவிட்டு வந்தேன். மேஸ்திரியிடம் கேட்டு ஒரு தைல பாட்டிலில், மின்சாரம் கசியாமல் இருக்கக் காயிலுக்குப் பூசுகிற வார்னிஷ் கொஞ்சம் வாங்கிக்கொண்டேன். மூன்று மணிக்கு மணி அடித்ததும் ஓடினேன். நடக்கவில்லை, ஓடினேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் ஓடுகிறவளைப் பார்த்து, யாருக்கு என்ன ஆச்சு என்று தெரு கேட்டது.

மேட்டில் யாரும் இல்லை. நீ மண்டியிலிருந்து வரவில்லை. இரண்டு கிளிப்பையும் தட்டினேன். நான் வைத்த பொட்டு கருகி, மூடியின் பழுப்போடு பழுப்பாக ஒட்டிக் கிடந்தது, தெரியாதவன் பார்த்தால் கறை என்று நினைப்பான். அதிலிருந்து ஒரு கோடு, தலைமுடி கனத்தில், கறுப்பாக, ஒரு பித்தளைப் புள்ளியிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து வளைந்து வளைந்து விளிம்பிலிருக்கிற இரும்புக் கிளிப் வரைக்கும் போயிருந்தது. ஈரச் சந்தனத்தைப் பிடித்துக்கொண்டு மின்சாரம் போட்ட ஒற்றையடிப் பாதை. எனக்கு என்ன தோன்றியது என்று சொன்னால் நீ திட்டுவாய். முதலில் வெட்கம் வரவில்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்கிற வெறிதான் வந்தது. தனியாக நின்றுகொண்டு சத்தம் போட்டுச் சிரித்தேன். கொண்டை ஊசியால் அந்தக் கோட்டைக் கடைசி நூல் வரைக்கும் சுரண்டினேன். பெட்ரோலில் கழுவி, அது பறந்ததும் வீட்டு அடுப்புப் பக்கத்தில் வைத்துக் காயவைத்து, வார்னிஷ் பூசி, அது இறுகும்வரை ஊதி ஊதிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மாட்டினேன். நீ வந்ததும் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் உன்னோடு உன் அப்பாவும் வந்தார். சொல்வதைத் தள்ளிப்போட்டேன்.

மறுநாள் காலையில் ரஹ்மத் பாய் ஒரு கண்டென்சரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். இதுதான் கடைசி மருந்து என்றார். மாட்டினார். பனி விழுந்துகொண்டிருந்தது, வண்டி செத்துக் கிடக்க வேண்டிய நேரம். இரண்டாவது சுற்றில் பிடித்தது பார், அம்மாடி. மேடு அதிர்ந்தது. பட்டம்மா முந்திய தடவை பட்டதை மறக்காமல் கொடியில் கிடந்த துணியை வாரிக்கொண்டு ஓடினாள். மாமா மண்ணில் உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் பாயைத் தூக்கிக்கொண்டார்கள், பாய் "இறக்குங்கடா, இடுப்பு போயிடும்" என்று கத்தினார். நீ கூட்டத்துக்குப் பின்னால் நின்றாய். சிரித்துக்கொண்டுதான் நின்றாய். அப்புறம் குனிந்து உன் இரண்டு உள்ளங்கையையும் திருப்பிப் பார்த்தாய். நான் அதைப் பார்த்தேன், ஏழுமலை. இருபது பேர் சத்தத்துக்கு நடுவில் நான் அதை மட்டும்தான் பார்த்தேன். அப்போதும் சொல்லவில்லை.

அப்புறம் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது, எழுதும்போதே குஷியாக இருக்கிறது. லாரியில் ஏற்றிப் பொம்மசந்திராவுக்குக் கொண்டுபோனோம். நீதான் ஓட்டினாய். மூன்று கொழுக் கலப்பை அந்தக் கரம்பில் இறங்கியபோது மண் புரண்டு படுத்த சத்தம் எனக்கு மட்டும் கேட்டிருக்கும், மற்றவர்களுக்கு இன்ஜின் சத்தம்தான். பெரிய வீட்டுக்காரர்கள் வரப்பில் வந்து நின்றார்கள். ஒருவன் கன்னடத்தில், இது யார் வண்டி என்று மாமாவைக் கேட்டான். என்றைக்கும் வாய் திறக்காத மாமா, "நம்மது" என்றார். கன்னடத்தில் அந்த ஒரு சொல்லுக்கு மேலே அவருக்குத் தேவைப்படவில்லை. தீபாவளிக்கு முதல் நாள் விதைத்து முடித்தோம். ஷேக்தார் வந்து குடையைப் பிடித்தபடி நாலு மூலையும் நடந்து பார்த்து, உழுது விதைத்தது உண்டு என்று எழுதிக்கொண்டு போனார். இன்றைக்கும் அந்த நாலு ஏக்கர் மாமா பேரில்தான் இருக்கிறது.

ஏன் ஒரு வருஷம் மூடி வைத்தேன் என்று கேட்பாய். உன் அப்பா கையில் அந்தக் கதை கிடைக்கக்கூடாது என்பதுதான் முதல் காரணம். இவ்வளவு அற்பமான காரணத்துக்கு இவ்வளவு பெரிய காரியமா என்று கேட்காதே, பெரிய தப்புகளில் முக்கால்வாசி இப்படிப்பட்ட காரணத்தில்தான் நிற்கின்றன. நாள் ஆக ஆக, வண்டிதான் ஓடுகிறதே, இனி சொல்லி என்ன என்று ஆகிவிட்டது. வண்டியைச் சரிசெய்த அன்றே நீயும் சரியாகிவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன். நேற்று நீ டயர் என்று எழுதியபோதுதான், என் பொய் உனக்குள் வேலை செய்துகொண்டே இருந்தது தெரிந்தது.

அதனால் கேள். புதுப் பட்டறையில் நீயே துடைத்து மூடியதையும் இன்னொரு தடவை திறந்து பார். உன் கையில் நம்பிக்கை இல்லாமல் அல்ல, நீ மூடிய பிறகு யார் விரல் உள்ளே போனது என்று உனக்குத் தெரியாது. எவனாவது உன் கை சரியில்லை என்றால், எது சரியில்லை என்று காட்டச் சொல், காட்டும்வரை விடாதே, சொல்கிறவன் இன்ஜினியராக இருந்தாலும் சரி. சங்கம் இருந்தால் முதல் மாதமே சேர். உனக்குக் கீழே ஒருத்தன் வேலைக்கு வரும்போது, மேலே வாங்கியதை அவன் தலையில் இறக்காதே. உன் அப்பா சொல்வதுபோல் சாமியை விடுவதும் விடாததும் உன் இஷ்டம். பொட்டு வைத்தால் வெளியே வை, எல்லோரும் பார்க்கிற மாதிரி வை. எனக்கு வெளியே வைக்கத் தைரியம் இல்லாமல் போனதால்தான் இவ்வளவும்.

இப்போது அந்தத் துணியை அவிழ். அதே மூடிதான். விதைப்பு முடிந்து, இதில் கறை பிடித்துவிட்டது என்று பழைய சாமான் விற்கிற குஜிலிச் சந்தையில் வேறு மூடி வாங்கி மாட்டினாயே, அன்றைக்கு நீ தூக்கிப் போட்டதை எடுத்து அரிசி டின்னில் வைத்திருந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார். வார்னிஷுக்கு அடியில் நான் சுரண்டிய தடம் இப்போதும் தெரியும், ஒரு புள்ளியிலிருந்து விளிம்பு வரைக்கும். அந்தத் தடம் என் கை போட்டது. அதைத் தவிர அந்த வண்டியில் பிசகு ஒன்றுமே இல்லை. நீ பூட்டியதெல்லாம் பூட்டியபடியே இருந்தது.

படிப்பகத்துப் பலகையில் ஏன் ஒட்டுகிறேன் என்றால், அந்த வார்த்தையைத் தெருவில் வைத்துச் சொன்னேன். வீட்டுக்குள் உன் காதில் மட்டும் திரும்ப வாங்கினால் பாதிதான் வாங்கியதாகும். அன்றைக்குக் கேட்ட இருபது பேரும் படிக்கட்டும். படிக்கத் தெரியாத பட்டம்மாவுக்கு உன் அப்பாவே சத்தமாகப் படித்துக் காட்டுவார், பொட்டு வைத்த இடத்தை இரண்டு தடவை படிப்பார். படிக்கட்டும்.

துணியின் முடிச்சில் ஒரு பென்சிலும் இருக்கிறது. வேலைத் தாளை எடு, டயர் என்று எழுதியதை அடி. பக்கத்தில் இடம் இருக்கிறது, நேற்றே பார்த்துவிட்டேன்.